ஆங்கிலக் கிராமத்து பப்பும் அதை நடத்தியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்துக்கு அருகிலோ, ஊர்ப் பொதுத் திடலின் ஓரத்திலோ நிற்கும் பப் என்னும் மதுக்கூடத்தின் வரலாற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஸ்காட்லாந்தின் உரிமச் சட்டங்கள் வேறு என்பதால் விடைகள் இங்கிலாந்தை மட்டுமே குறிக்கின்றன. கட்டடத்தின் வயதையும் மரச்சட்டங்களின் அழகையும் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்தக் கட்டடத்தில் யார் குடியிருந்தார், யாரிடம் உரிமம் பெற்றார், யாருக்கு வாடகை கொடுத்தார் என்ற கேள்விகளே பப்பின் வரலாற்றை நடத்திச் சென்றவை என்பதால், இங்கே அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுக்கப்பட்டுள்ளது.

இன், டாவெர்ன், ஏல்ஹவுஸ் ஆகிய மூன்றும் ஒன்றா?

இல்லை. இன் என்பது பயணிக்குப் படுக்கையும் உணவும், அவருடைய குதிரைக்குக் கொட்டிலும் தீவனமும் தந்த சத்திரம். டாவெர்ன் என்பது ஒயின் விற்ற இடம். அது பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தது. ஏல்ஹவுஸ் என்பது முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சிய ஏல் என்னும் பானத்தை விற்ற சாதாரண வீடு. டோவர் துறைமுகத்தைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதற்காக 1577இல் முதலாம் எலிசபெத்தின் அரசு இவற்றைக் கணக்கெடுத்தபோது, கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற பிரிவுகளில் ஏறத்தாழ 30இல் 14,202 ஏல்ஹவுஸ்களும், 1,631 இன்களும், 329 டாவெர்ன்களும் இருந்தன. நாட்டுப்புறத்தில் எது மிகுதியாக இருந்தது என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன. இன்று ஒரு கிராமத்து பப்பின் பலகையில் 'இன்' என்று எழுதியிருந்தாலும், அதன் மூதாதை பெரும்பாலும் ஓர் ஏல்ஹவுஸாகவோ, பின்னர் வந்த பீர்ஹவுஸாகவோதான் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் 'பப்ளிக் ஹவுஸ்' என்று பொதுவாகச் சொல்லும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. பப் என்பது அதன் சுருக்கம்.

கிராமத்தில் முதன்முதலில் ஏல் விற்றவர்கள் யார்?

பெரும்பாலும் பெண்கள். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூக்களைச் சேர்க்காத ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும் என்பதால் அதைத் தொலைவுக்கு அனுப்பவோ, சேமித்து வைக்கவோ இயலாது. ஆகவே, தன் குடும்பத்துக்காகக் காய்ச்சிய ஒருத்தி மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விற்றாள். அடுத்த வாரம் வேறொரு வீட்டில் காய்ச்சினார்கள். விற்பனைக்கு ஏல் தயார் என்பதைத் தெரிவிக்க, நுனியில் இலைக்கொத்து கட்டிய ஒரு நீண்ட கோலை வாசலில் நீட்டி வைப்பது வழக்கம். அதைக் கண்டதும் ஊரின் ஏல் சுவைப்பாளர் வந்து, தரமும் அளவும் சரியாக உள்ளனவா என்று பார்த்துச் செல்வார். 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி காலத்தில் ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையையும் தரத்தையும் வகுத்த சட்டம் இந்த மேற்பார்வைக்கு அடிப்படையாக இருந்தது. ஊர்ப் பண்ணைநீதிமன்றங்களின் ஏடுகளில் ஒரே பெண்களின் பெயர்கள் ஆண்டுதோறும் அபராதப் பட்டியலில் வருவதைக் காணலாம். அந்த அபராதம் தண்டனை என்பதைவிட, தொழில் நடத்துவதற்கான கட்டணமாகவே செயல்பட்டது.

15ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து ஹாப்ஸ் வந்தபின் நிலைமை மாறியது. ஹாப்ஸ் சேர்த்த பீர் நீண்ட நாள் கெடாது. ஆனால் அதைக் காய்ச்சப் பெரிய செப்புக் கொப்பரைகளும் பீப்பாய்களும் முதலீடும் வேண்டும். முதல் போட முடிந்தவர்களின் கைக்குத் தொழில் போயிற்று. அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் தொழிலைவிட்டு அகன்றுவிடவில்லை. ஆவணங்களில்தான் அவர்கள் பெயர் குறைந்துகொண்டே வந்தது.

உரிமம் பெறும் முறை எப்போது தொடங்கியது?

1552இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் இயற்றப்பட்ட ஏல்ஹவுஸ் சட்டமே நாடு முழுவதற்குமான தொடக்கம். அதன்படி, ஏல்ஹவுஸ் நடத்த விரும்புகிறவர் சமாதான நீதிபதிகள் இருவரின் அனுமதியைப் பெற வேண்டும். நன்னடத்தைக்குப் பிணை எழுதிக்கொடுக்க வேண்டும். சட்டம் தடைசெய்த சூதாட்டங்களை வீட்டுக்குள் அனுமதிக்கக் கூடாது. அந்த நீதிபதிகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்து நிலக்கிழார்கள். ஆகவே கிராமத்தில் பப் நடத்துபவரின் பிழைப்பு, ஆண்டுக்கொருமுறை, அவர் யாருடைய நிலத்தில் குடியிருந்தாரோ அவர்களைப் போன்றவர்களின் விருப்பத்தையே நம்பியிருந்தது. உரிமம் வழங்கும் அந்த ஆண்டுக் கூட்டத்துக்குப் 'புரூஸ்டர் அமர்வு' என்று பெயர். ஏல் காய்ச்சிய பெண்ணைக் குறித்த பழஞ்சொல் அதில் நிலைத்துவிட்டது.

1604இல் முதலாம் ஜேம்ஸின் நாடாளுமன்றம் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னது: இத்தகைய இடங்களின் உண்மையான பயன் வழிப்போக்கர்களுக்கு உதவுவதே அன்றி, உள்ளூரார் பணத்தையும் நேரத்தையும் கரைப்பதற்காக அன்று. உள்ளூராரோ அந்தச் சட்டத்துக்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

நீதிபதிகளின் கையிலிருந்த இந்த அதிகாரம் ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது.

லேண்ட்லார்ட் எனப்படுபவர் அந்தக் கட்டடத்தின் உரிமையாளரா?

பெரும்பாலும் இல்லை. பப்பை நடத்துகிற ஆணை லேண்ட்லார்ட் என்றும், பெண்ணை லேண்ட்லேடி என்றும் ஊரார் அழைப்பார்கள்; சட்டத்தின்படி அவர் உரிமதாரர் மட்டுமே. கட்டடம் ஒரு பண்ணையாருக்கோ, பீர் ஆலைக்கோ, சில இடங்களில் தேவாலயத்துக்கோ சொந்தமாக இருக்கும். அவர் வாடகைதாரராகவோ, நீண்டகாலக் குத்தகைதாரராகவோ, சம்பளம் வாங்கும் மேலாளராகவோ இருக்கலாம். கட்டடமும் தொழிலும் அவருடையவையாகவே இருந்து, எந்த ஆலையின் பீரையும் வாங்க அவருக்கு உரிமை இருந்தால், அதற்கு 'ஃப்ரீ ஹவுஸ்' என்று பெயர்.

பழைய பப்களின் முன்கதவுக்கு மேலே ஒரு சிறு கறுப்புப் பலகையை இன்றும் காணலாம். இன்னார், பீரும் ஒயினும் மதுவகைகளும் புகையிலையும் சில்லறையாக விற்க, அவற்றை இவ்விடத்திலோ வெளியிலோ அருந்த, உரிமம் பெற்றவர் என்று அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பெயர் உரிமதாரருடையது. கட்டடத்தின் உரிமையாளர் பெயர் எங்கும் இராது. 2005க்குப் பின் அவ்வாறு பெயர் எழுதுவது கட்டாயம் இல்லை என்றாலும், பலர் அதை விட்டுவிடவில்லை.

அந்தக் காலத்து லேண்ட்லார்ட் மது விற்றே பிழைத்தாரா?

கிராமங்களில் மிகச் சிலரே அப்படிப் பிழைத்தார்கள். முந்நூறு நானூறு பேர் வாழும் ஊரில், அதிலும் பெரும்பாலோர் வாரக்கூலி வாங்கும் பண்ணைத் தொழிலாளர்களாக இருக்கும் ஊரில், பீர் விற்பனை மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்காது. 19ஆம் நூற்றாண்டின் வணிகக் கையேடுகளைப் புரட்டினால், 'மதுக்கூடம் நடத்துபவர், கொல்லர்', 'மதுக்கூடம் நடத்துபவர், சக்கரத் தச்சர்', 'மதுக்கூடம் நடத்துபவர், விவசாயி' என்று இரட்டைத் தொழில்களே வரிசையாக வரும். இறைச்சி வெட்டியவர்களும், சரக்கு வண்டி ஓட்டியவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. இது தற்செயலன்று. கொல்லரின் உலைக்கூடத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கும் வரை காத்திருப்பவருக்குப் பக்கத்து அறையில் ஒரு குவளை பீர் விற்பதில் இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று தாங்கின. பகலில் அவர் உலையிலோ வயலிலோ இருக்க, வீட்டுக்குள் பீர் ஊற்றிக் கணக்கு வைத்தவர் அவர் மனைவி. உரிமம் கணவர் பெயரில், உழைப்பு மனைவியுடையது என்பதே பெரும்பாலான கிராமத்து பப்களின் நடைமுறையாக இருந்தது.

கணவர் இறந்தால் உரிமம் என்னவாகும்?

நீதிபதிகள் அதை வழக்கமாகக் கைம்பெண்ணுக்கே மாற்றிக் கொடுத்தார்கள். தொழில் தெரிந்தவர், ஊரார் அறிந்தவர், பிழைக்க வேறு வழி இல்லாதவர் என்பதால் மறுப்பதற்குக் காரணம் குறைவாக இருந்தது. மறுத்தால் அந்தக் குடும்பம் ஊர் ஏழைநிதியின் பொறுப்பில் வந்து சேரும் என்பதும் ஒரு காரணம். இதனால், திருமணமான பெண்கள் தங்கள் பெயரில் தொழில் நடத்துவது அரிதாக இருந்த காலத்திலும் உரிமப் பதிவேடுகளில் பெண்கள் பெயர் தொடர்ந்து தென்படுகிறது.

20ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் நடத்திய பப்புக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு டெவன் கவுண்டியின் ட்ரூஸ்டைன்டன் கிராமத்தில் உள்ள ட்ரூ ஆர்ம்ஸ். ஓலைக்கூரை வேய்ந்த அந்த பப்பை மேபல் மட்ஜ் என்ற பெண்மணி 1919 முதல் 1994 வரை, அதாவது 75 ஆண்டுகள், நடத்தினார். ஓய்வுபெறும்போது அவருக்கு வயது 99. ஊரார் அவரை 'ஆன்ட்டி மேபல்' என்றே அழைத்தார்கள். அங்கே பார் மேசை கிடையாது. பின்னறையில் அடுக்கியிருந்த பீப்பாய்களிலிருந்து ஊற்றிய பீர், சுவரில் இருந்த ஒரு சிறு திறப்பு வழியாக வந்தது. அவர் விலகியதும் பப்பை நவீனமாக்கிக் கெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சிய ஊரார், அதன் பழைய உருவைக் காக்கப் போராட்டமே நடத்தினார்கள். அந்த பப்பின் முந்தைய பெயர் ட்ரூயிட் ஆர்ம்ஸ். அருகே காசில் ட்ரோகோ என்னும் மாளிகையைக் கட்டிய மளிகை வணிகச் செல்வர் ஜூலியஸ் ட்ரூவின் பெயரே பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்த மாளிகையை வடிவமைத்தவர், புது டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ்.

1830ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் ஏன் பேசுகிறார்கள்?

கிராமங்களில் இன்று நிற்கும் பப்களில் கணிசமானவை அந்தச் சட்டத்தால் பிறந்தவை என்பதால். வெலிங்டன் பிரபுவின் அரசு கொண்டுவந்த பீர்ஹவுஸ் சட்டத்தின்படி, வரி செலுத்தும் குடித்தனக்காரர் எவரும் நீதிபதிகளிடம் போகாமலேயே, ஆயத்துறையிடம் இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பண அலகு) கட்டணம் செலுத்தித் தம் வீட்டில் பீர் விற்கலாம். பீர் மீதான வரியும் நீக்கப்பட்டது. ஜின் போன்ற கடும் மதுவிலிருந்து ஏழைகளை மீட்டு, பீரின் பக்கம் திருப்புவது ஒரு நோக்கம். பெரிய பீர் ஆலைகளின் ஆதிக்கத்தையும், உரிமத்தின் மீது நீதிபதிகளுக்கு இருந்த பிடியையும் தளர்த்துவது இன்னொரு நோக்கம். அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்குள்ளாகவே 24,000க்கும் மேற்பட்ட பீர்ஹவுஸ்கள் திறக்கப்பட்டன.

பண்ணை வீட்டின் முன்னறை, செருப்புத் தைப்பவரின் குடிசை, கொல்லரின் பட்டறையை ஒட்டிய அறை என்று கிடைத்த இடமெல்லாம் பீர்ஹவுஸ் ஆனது. ஒயினும் கடும் மதுவும் விற்க அவற்றுக்கு உரிமை இல்லை. பண்ணையாரின் கண்ணுக்கெட்டாமல் தொழிலாளர்கள் கூடும் இடங்களாக இவை அமைந்துவிட்டதை நிலக்கிழார்கள் கடுமையாக வெறுத்தார்கள். நாட்டின் தென்பகுதியில் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த 'கேப்டன் ஸ்விங்' கலகங்கள் நடந்ததும் அதே 1830இல்தான் என்பதால், பழி பீர்ஹவுஸ்கள் மீது விழுந்தது. பழி நியாயமானதா என்றால், பெரிதும் இல்லை என்றே சொல்ல வேண்டும்; கென்ட் கவுண்டியில் கலகம் மூண்டது ஆகஸ்டில், முதல் பீர்ஹவுஸ் திறந்தது அக்டோபரில். 1869ஆம் ஆண்டுச் சட்டம் பீர்ஹவுஸ்களை மறுபடியும் நீதிபதிகளின் பிடிக்குள் கொண்டுவந்தது.

ஒரே பப்பின் கதையைத் தொடக்கம் முதல் சொல்ல முடியுமா?

வூஸ்டர்ஷயர் கவுண்டியில், ஈவ்ஷம் பள்ளத்தாக்கில் உள்ள பிரெட்ஃபோர்டன் கிராமத்து ஃபிளீஸ் இன் இதற்கு ஏற்றது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேர்ட் என்ற விவசாயியின் குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட பண்ணை வீடு அது. ஒரே கூரையின்கீழ் மனிதரும் கால்நடையும் தங்கிய மரச்சட்ட வீடு. ஃபிளீஸ் என்பது ஆட்டின் உரோமத் தோலைக் குறிக்கும். 1848இல்தான் அது உரிமம் பெற்ற மதுக்கூடமாயிற்று. 'அறுநூறு ஆண்டுப் பழமையான பப்' என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும்போது, வீட்டின் வயதையும் பப்பின் வயதையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

குடும்பம் வாழ்ந்துகொண்டே மது விற்றது என்பதால், உள்ளே இருந்த பொருள்கள் மதுக்கூடத்துக்காக வாங்கியவை அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வீட்டுப் பொருள்கள். ஓக் மேசைகள், உயர்ந்த முதுகுடைய இருக்கைகள், அலமாரி நிறைய 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளீயக் கலத் தட்டுகள் ஆகியவை இன்றும் அங்கே உள்ளன. கணப்படுப்பின் முன் தரைக்கல்லில் வெள்ளை நிறத்தில் வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரிகள் இறங்கி வராமல் தடுப்பதற்கான காப்பு அது. வாசலில் கோலம் போட்டுப் பழகிய நமக்கு அந்த வட்டங்களைப் புரிந்துகொள்வது கடினமாக இராது.

அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு லோலா டாப்ளின். திருமணம் செய்துகொள்ளாத அவர் பல ஆண்டுகள் தனியாகவே பப்பை நடத்தினார். 1977இல் இறந்தபோது, வீட்டையும் பொருள்களையும் வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார். அது பப்பாகவே தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவல் விற்கக் கூடாது என்றும் அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ இல்லையோ, பிற்காலத்து நடத்துநர்கள் அதை மதித்து நடந்துகொண்டார்கள்.

2004இல் ஓலைக்கூரையில் தீப்பற்றியது. ஊரார் வரிசையாக நின்று, தட்டுகளையும் மேசைகளையும் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். மறு ஆண்டு பப் மீண்டும் திறக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கு ஆஸ்பராகஸ் என்னும் தண்ணீர்விட்டான் இனக் கீரைத்தண்டுக்குப் பெயர்போனது. மே மாத இறுதியில் அதன் கட்டுகளை ஃபிளீஸின் முற்றத்தில் ஏலம் விடும் வழக்கமும் உண்டு.

பழைய கிராமத்து பப்பின் உட்புறம் எப்படி இருந்தது?

இன்று பப் என்றதும் மனத்தில் தோன்றும் நீண்ட பார் மேசை, நகரத்து ஜின் கடைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன், வாடிக்கையாளர் சமையலறையில் அடுப்பருகே அமர்வார். லேண்ட்லார்ட் நிலவறைக்குப் போய்ப் பீப்பாயிலிருந்து கூஜாவில் நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றுவார். ஜோசப் பிரமா 1797இல் காப்புரிமை பெற்ற கைப்பம்பு, நிலவறையிலிருந்து குழாய் வழியாகப் பீரை மேலே இழுத்துத் தந்து இந்த நடையைக் குறைத்தது. ஆனால் பல கிராமத்து வீடுகளுக்கு அது தேவைப்படவில்லை. டோர்செட் கடற்கரையை ஒட்டிய வொர்த் மட்ரேவர்ஸ் ஊரில், 1907 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் ஸ்கொயர் அண்ட் காம்பஸில் இன்றும் நடைபாதையில் உள்ள திறப்பு வழியாகவே பீர் வாங்க வேண்டும். பக்கத்து அறையில் அந்தக் குடும்பம் சேர்த்த புதைபடிவங்களின் காட்சியகம் இருக்கிறது. பப்பின் பெயரில் உள்ள ஸ்கொயரும் காம்பஸும், அதாவது மூலைக்கருவியும் கவராயமும், கற்தச்சர்களின் கருவிகள். அந்த ஊர் கல்குவாரிகளின் ஊர்.

மது அருந்துவது தவிர அங்கே வேறென்ன நடந்தது?

ஊரில் தேவாலயத்தைத் தவிரப் பலர் ஒன்றாக அமரக்கூடிய கூரையுள்ள இடம் அது ஒன்றே என்பதால் ஏறத்தாழ எல்லாமே நடந்தன. பண்ணையாரின் முகவர் குத்தகை வசூலித்தார். நிலமும் மரமும் ஏலம் போயின. நோயுற்ற தொழிலாளிக்கு உதவும் நட்புச் சங்கங்கள் தங்கள் பணப்பெட்டியை அங்கேயே வைத்துப் பூட்டின. ஐயத்துக்குரிய மரணம் நேர்ந்தால், விசாரணை அதிகாரி ஜூரிகளுடன் கூடியதும் அங்கேதான். உடலைக் கொட்டிலிலோ பின்னறையிலோ கிடத்தியிருப்பார்கள். வேறு தகுந்த இடம் இருந்தால் மதுக்கூடத்தில் மரண விசாரணை நடத்தக் கூடாது என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கூலியை மதுக்கூடத்தில் வைத்துக் கொடுப்பதை 1883ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. வாங்கிய கூலி வீடு வந்து சேராத கதையைச் சொல்ல மனைவிமார் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

பெயர்ப்பலகைகளில் ஏன் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன?

படிக்கத் தெரியாதவர்களுக்கும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் படம் தேவைப்பட்டது. பாதுகாப்பான படம், அரசருக்கோ ஊர்ப் பிரபுவுக்கோ உரிய சின்னம். வெள்ளைக் கலைமான் இரண்டாம் ரிச்சர்டின் சின்னம். அவர் ஆட்சியில்தான், 1393இல், லண்டனில் ஏல் காய்ச்சி விற்பவர்கள் அடையாளக் குறி தொங்கவிட வேண்டும் என்ற விதி வந்தது. 'ராயல் ஓக்' என்ற பெயர், 1651இல் வூஸ்டர் போரில் தோற்றபின் இரண்டாம் சார்லஸ் பாஸ்கோபலில் ஓர் ஓக் மரத்தில் ஒளிந்திருந்ததன் நினைவு. ஏர், கதிர்க்கட்டு, லாடம் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

பிற்பகலில் பப்கள் ஏன் மூடியிருந்தன?

முதல் உலகப்போர்தான் காரணம். வெடிமருந்துத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்ற கவலையால், 1915 முதல் பல வட்டாரங்களில் விற்பனை நேரம் நண்பகலில் இரண்டரை மணி நேரமாகவும் மாலையில் மூன்று மணி நேரமாகவும் சுருக்கப்பட்டது. போர் முடிந்தும் 1921ஆம் ஆண்டுச் சட்டம் பிற்பகல் இடைவெளியை நிலைப்படுத்தியது. வெடிமருந்தே கண்டிராத கிராமங்களும் 1988 வரை அந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் சில ஆண்டுகள்.

பீர் ஆலைகள் எப்படிப் பப்களைக் கைப்பற்றின?

உரிமங்களின் எண்ணிக்கையை நீதிபதிகள் குறைக்கத் தொடங்கியதும், இருக்கும் ஒவ்வோர் உரிமமும் அரிய சொத்தாயிற்று. பீர் ஆலைகள் போட்டிபோட்டுக் கட்டடங்களை வாங்கின. கடன் கொடுத்து, கடனை அடைக்க இயலாதவர்களின் வீடுகளையும் எடுத்துக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தின் பெரும்பாலான பப்கள் ஏதோ ஓர் ஆலையுடன் பிணைக்கப்பட்டிருந்தன. பிணைக்கப்பட்ட பப்பின் நடத்துநர் குறைந்த வாடகை கொடுத்தார். ஆனால் அந்த ஆலையின் பீரை மட்டுமே, அது சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். வாடகையின் மறுபாதி அந்த விலைக்குள் ஒளிந்திருந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம், தேவைக்கு அதிகமான பப்களை மூடி, அதற்கான இழப்பீட்டை மதுத் தொழிலிடமிருந்தே வசூலித்துக் கொடுக்க வழிசெய்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பல கிராமங்களின் இரண்டாம் மூன்றாம் பப்கள் இவ்வாறே மறைந்தன.

1989இல் அரசு இந்தப் பிணைப்பை உடைக்க முயன்றது. 2,000க்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள், அந்த வரம்புக்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்கவோ பிணைப்பிலிருந்து விடுவிக்கவோ வேண்டும் என்று ஆணையிட்டது. நோக்கம் நல்லது, விளைவு வேறாக முடிந்தது. ஆலைகள் விற்றவற்றைப் பீர் காய்ச்சாத சொத்து நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி, அதே பிணைப்பைத் தொடர்ந்தன. பீரின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய கவலையாவது ஆலைக்கு இருந்தது. புதிய உரிமையாளருக்குக் கட்டடம் கணக்கேட்டில் ஒரு வரி மட்டுமே. 500 அல்லது அதற்கு மேற்பட்ட பிணைப்பு பப்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு 2016இல் நடத்தை விதிகள் வந்தன. சந்தை வாடகையை மட்டும் கொடுத்துவிட்டுப் பீரை எங்கிருந்தும் வாங்கும் வாய்ப்பை அவை வாடகைதாரருக்கு அளித்தன.

கிராமத்து பப்கள் மூடப்படுவது ஏன்? ஊரார் என்ன செய்ய முடிகிறது?

2000இல் பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 60,000 பப்கள் இருந்தன. 2022இல் அது 46,000க்கும் கீழே இறங்கியது. குடித்து வண்டி ஓட்டுவதற்கான தடை, பேரங்காடிகளின் மலிவு பீர், 2007இல் வந்த புகைத்தடை, நகரத்தில் வேலை செய்பவர்கள் கிராம வீடுகளை வாங்கியது ஆகியவை எல்லாம் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றைவிட நேரடியான காரணம் ஒன்று உண்டு: பப்பாக விற்பதைவிடக் குடியிருப்பாக விற்றால் அந்தக் கட்டடம் அதிக விலை போகும். முன்னரும் முடிவு வெளியிலிருந்தே வந்தது. டெவனின் பக்ஃபாஸ்ட்லீ ஊரில் வேலியன்ட் சோல்ஜர் பப்பின் உரிமத்தை 1960களில் பீர் ஆலை விலக்கிக்கொண்டது. அதை நடத்திய தம்பதியர் கதவைச் சாத்திவிட்டு மேல்மாடியிலேயே தொடர்ந்து வாழ்ந்தார்கள். கண்ணாடிக் கோப்பைகளும் கல்லாவும் விளையாட்டுப் பலகையும் வைத்தது வைத்தபடி இருந்தன. அது இப்போது அருங்காட்சியகம்.

இன்று ஊராருக்குச் சில கருவிகள் உள்ளன. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒரு பப்பைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவு செய்யலாம். அதை விற்க முற்பட்டால், ஊரார் பணம் திரட்டுவதற்கு ஆறு மாத அவகாசம் கேட்கலாம். உரிமையாளர் அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. 2017 முதல், பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயமாயிற்று.

சட்டம் வருவதற்கு முன்பே வழிகாட்டிய ஊர் கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட். அங்குள்ள ஓல்ட் கிரவுனை 2003இல் ஊராரும் ஆதரவாளர்களும் கூட்டுறவாக வாங்கினார்கள். கூட்டுறவுக்குச் சொந்தமான முதல் பிரிட்டிஷ் பப் என்று அது அறியப்படுகிறது. வட யார்க்ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்தில் ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008இல் மூடப்பட்டது. அது அந்த ஊரின் ஒரே பப். 2010இல் ஊரார் பங்கு விற்றுப் பணம் சேர்த்து அதை வாங்கினார்கள். ஒரு சிறு நூலகம், தன்னார்வலர்கள் நடத்தும் கடை, பின்புறம் காய்கறித் தோட்டப் பாத்திகள் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். பப்பை நடத்துவதை மட்டும் வாடகைதாரரிடம் விட்டார்கள். குழு ஒன்று மதுக்கூடத்தை உரிமையாக வைத்திருக்கலாம். மாலைதோறும் கதவருகே வரவேற்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்தார்கள். 'ரியல் ஏல்' எனப்படும் மரபுவழி ஏலைக் காக்க 1971இல் தோன்றிய காம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம், அந்த பப்பையே 2016ஆம் ஆண்டின் தேசியச் சிறந்த பப்பாகத் தேர்ந்தெடுத்தது.

குறிப்பிட்ட ஒரு பப்பை நடத்தியவர்களின் பெயர்களை எப்படிக் கண்டறிவது?

கவுண்டி ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குவது நல்லது. உரிமதாரர்களின் பிணைகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 1753ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், அப்போதிருந்து 1828 வரை பல கவுண்டிகளில் ஆண்டுவாரியான பெயர்ப் பட்டியல்கள் கிடைக்கின்றன. தொடக்ககாலப் பட்டியல்களில் ஊரும் பெயரும் மட்டுமே இருக்கும்; பப்பின் பெயர் இராது. ஊரில் இரண்டு பப்கள் இருந்தால், யார் எதை நடத்தினார் என்பதை உயிலையோ, வாடகைக் கணக்கையோ, திருச்சபை ஏட்டையோ வைத்துத்தான் பிரிக்க முடியும். 1830க்குப் பின் பீர்ஹவுஸ்களின் உரிமம் ஆயத்துறையிடம் போனதால் இன்னொரு இடைவெளி விழுகிறது. வணிகக் கையேடுகளும் அத்தகையோரைப் 'பீர் சில்லறை விற்பனையாளர்' என்று மட்டுமே குறிக்கின்றன.

1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் தருகிறது. 1851 முதல் உறவுமுறையும் பிறந்த ஊரும் சேர்கின்றன. லேண்ட்லார்டின் மனைவி அடுத்த கணக்கெடுப்பில் அதே வீட்டின் தலைவியாக, கைம்பெண்ணாக, 'மதுக்கூடம் நடத்துபவர்' என்ற தொழிலுடன் வருவதை அடிக்கடி காணலாம். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, உரிமம் கைமாறியதைத் தெரிவிக்கும் உள்ளூர்ச் செய்தித்தாள் அறிவிப்புகள் உதவும். ட்ரூ ஆர்ம்ஸ் போலப் பெயர் மாறிய பப்கள் ஏராளம் என்பதால், தேடும்போது பெயரை விடுத்து மனையைத் தொடர வேண்டும். தேவாலயத்துக்குரிய பத்திலொரு பங்கான தசமபாகத்தைக் கணக்கிட 1840களில் வரையப்பட்ட வரைபடங்களில் ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளர் பெயர் ஒரு பத்தியிலும், குடியிருப்பவர் பெயர் அடுத்த பத்தியிலும் எழுதப்பட்டிருக்கும்.